கொத்திவைத்த கல்

கல்லைப் பற்றி யாராவது பார்க்காமல் பேசினால் அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். மற்ற விஷயங்களிலும் வரும், ஆனால் கல் என்றால் உடனே வரும். "கைய வெச்சிப் பார்த்துட்டு அப்பறம் பேசு" என்பார். மேஸ்திரியிடமும் அதே வார்த்தைதான். கல்லூரி மாணவர்களை வேனில் கூட்டிக்கொண்டு வந்த பேராசிரியரிடமும் அதே வார்த்தைதான். அந்தப் பேராசிரியர் சிரித்துக்கொண்டே கையை வைத்தார். எங்கள் ஆபீசர் மட்டும் கடைசிவரை வைக்கவில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதில் அந்த அம்மாவை 'அவர்' என்றும் எங்கள் ஆபீசரை 'அவன்' என்றும் எழுதப் போகிறேன். அன்றைக்கு முகாமில் இது தலைகீழாக இருந்தது. அவன் கூடார நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ஏய், இந்தாம்மா" என்று விரலைச் சொடுக்குவான். அவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வருவார். நானும் அதைப் பார்த்துக்கொண்டு அங்கே சம்பளம் வாங்கியவன்தான்.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூரிலிருந்து மாகறல் போகிற பக்கத்தில் ஒரு ஊரில் அகழாய்வு நடந்தது. ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய் ஓரமாக ஒரு மேடு. ஏர் ஓட்டினால் பானை ஓடு பெயர்ந்து வரும். அங்கே நாலு சதுரக் குழி வெட்டியிருந்தோம். இரண்டு கூடாரம், ஒரு ஜீப். குழியில் கிடைக்கிற பொருள்களை அளந்து படம் வரைவது என் வேலை. எனக்கு இருபத்து நாலு வயது, தற்காலிக வேலை. ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சிமெண்டுத் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து பானை ஓடுகளைக் கழுவிக் காயவைப்பார்கள். அவர் அதில் ஒருவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். புருஷன் வீட்டிலிருந்து தாய் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டவர் என்பது மட்டும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏன் வந்தார் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

நான் சேர்ந்த இரண்டாம் வாரம் ஒரு காலையில் என் மேசைமேல் ஒரு ஈரக்கல்லைக் கொண்டுவந்து வைத்தார். வரைந்துகொண்டிருந்த காகிதம் நனைந்துவிட்டது.

"இத்த யாரு தூக்கிப் போட்டது?"

எனக்கு எரிச்சல். "கல்லும்மா அது. குழியில கூடை கூடையா வருது. எல்லாத்தையும் வச்சிக்க முடியுமா?"

"கல்லுன்னு எனக்குத் தெரியாதா? கைய வை."

வைத்தேன். ஒரு பக்கம் சொரசொரப்பு. மறுபக்கம் வழுவழுப்பு. அவர் கல்லை எடுத்து, காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துக் காட்டினார். வழுவழுப்பான பக்கத்தில் அம்மைத் தழும்பு மாதிரிச் சின்னச்சின்னக் குழிகள் நிழல் தட்டித் தெரிந்தன.

"ஏந்திரம். மேல் கல்லு. கொத்துன அடையாளம் கீது பாரு. இத்தப் போயி குப்பையில போட்டுக்கீறீங்க."

ஏந்திரம் என்பது மாவு அரைக்கிற திரிகை. வட்டமான இரண்டு கற்கள், ஒன்றின்மேல் ஒன்று. மேல்கல்லின் நடு ஓட்டையில் கேழ்வரகைப் போட்டுக்கொண்டே கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற அரைக்கிற முகம் மழுங்கிப்போகும். அப்போது உளியால் கொத்திப் பல் வைத்தால்தான் மறுபடியும் அரைபடும். அதெல்லாம் எனக்கும் தெரியும். எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆனால் உடைந்துபோன ஒரு துண்டைப் பார்த்து இது இன்னது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அகழாய்வில் பட்டம் வாங்கிய எங்கள் ஆபீசருக்கும் தெரியவில்லை. குழிகளிலிருந்து வந்த அத்தனை உடைந்த கற்களும் முகாமுக்குப் பின்னால் மண்ணோடு மண்ணாகக் கொட்டிக் கிடந்தன.

அன்று சாப்பாட்டு வேளையிலும் அடுத்த நாள்களிலும் நானும் அவரும் அந்தக் குவியலைக் கிளறினோம். ஒரு கோணிப்பை நிறையத் துண்டுகள் தேறின. அவர் ஒவ்வொன்றையும் கழுவி, வெயிலில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவார். பிறகு சொல்வார்.

ஒரு துண்டின் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தது. "இது ஒருத்தியே சுத்துன கல்லு" என்றார். "ரெண்டு பேரு எதிர் எதிர்ல குந்திக்கினு சுத்துனா ரெண்டு பக்கமும் சமமா தேயும். ஒருத்தியே இழுத்தா இழுக்கற பக்கம்தான் தேயும். கூட ஒக்கார ஆளு இல்ல இவுளுக்கு." நான் கருவியால் அளந்து பார்த்தேன். ஒரு விரல் கனம் வித்தியாசம் இருந்தது. இன்னொரு துண்டில் உடைந்த ஓரமே தேய்ந்து வழுக்கியது. உடைந்தபிறகு யாரோ அதில் அரிவாள் தீட்டியிருக்கிறார்கள் என்றார். அதுவும் சரிதான். கோடு கோடாக இழுத்த தடம் இருந்தது.

படத்துக்குக் கீழே இதையெல்லாம் குறிப்பாக எழுதினேன். ஆபீசர் பார்த்தான். "தேய்மானம் சீராக இல்லை, சரி. அது என்ன, கூட உட்கார ஆள் இல்லை? கதை எழுதறியா?" என்று பென்சிலால் அடித்தான். ஆனால் கற்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னான். ஒரு மாதம் கழித்து விருந்தாளி ஒருவரிடம் அவன் பேசியது என் காதில் விழுந்தது. "கழிவுக் குவியல்லேர்ந்து நானே பொறுக்கி எடுத்தேன் சார். யாருமே கவனிக்கல." பத்தடி தூரத்தில் அவர் ஓடு கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த பிரஷ் மட்டும் நின்றது, பிறகு முன்பைவிட வேகமாகத் தேய்த்தது.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தக் குழியின் ஓடு எந்தக் கூடையில் என்பதற்குக் கூடையின் காதில் துணிக்கிழிசல் கட்டிவைப்பார். ஒருமுறை குமாஸ்தா அவசரத்தில் இரண்டு கூடைகளை ஒன்றாகக் கொட்டிவிட்டு, "எல்லாம் பானை ஓடுதானே, யாருக்குத் தெரியப் போவுது" என்றார். அந்த அம்மா அன்று சாப்பிடவில்லை. ஓடுகளின் மடிப்பில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் கிள்ளிப் பார்த்து, செம்மண் ஒருபக்கம், சாம்பல் மண் ஒருபக்கம் என்று சாயங்காலம்வரை உட்கார்ந்து பிரித்தார். முடித்துவிட்டுக் குமாஸ்தாவிடம் போய், "எனுக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

கோபக்காரி என்று முகாமில் பேர். எனக்கு அப்போது அது வேடிக்கையாகவும் இருந்தது, அவர்மேல் பிரியமாகவும் இருந்தது. அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்தக் கோபம் எனக்குப் புரியவில்லை. பத்திரிகையிலிருந்து ஒருவர் படம் எடுக்க வந்திருந்தார். பழைய திரிகைக் கல் ஒன்று ஏறக்குறைய முழுசாகக் கிடைத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து மாவு அரைப்பதுபோல ஒரு படம் வேண்டும் என்றார். ஆபீசர் அக்காவைக் கைகாட்டினான்.

"நான் சுத்த மாட்டேன்" என்றார்.

"சும்மா கைய மட்டும் வைம்மா. படத்துக்குத்தான்."

"படத்துக்கும் வைக்க மாட்டேன்."

பத்திரிகைக்காரர் குழைவாக, "இதுல என்னம்மா இருக்கு? உங்க முன்னோர் பெருமைதானே" என்றார்.

"பெருமைன்னா நீ குந்தி சுத்து சார். நான் படம் புடிக்கிறேன்."

கடைசியில் வேறொரு பெண் தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படம் வந்தது. அக்காவுடைய வீட்டில் திரிகையும் கிடையாது, அம்மியும் கிடையாது என்பதை அப்புறம்தான் கவனித்தேன். கேழ்வரகைத் தூக்கிக்கொண்டு உத்திரமேரூர் மாவு மெஷினுக்கு நடந்து போய் வருவார். வாசலில், கால் கழுவுகிற இடத்தில் மட்டும் பாதியாக உடைந்த ஒரு வட்டக்கல் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அதை மிதித்துத்தான் வீட்டுக்குள் போவார்.

இரண்டாம் வருஷம் மூன்றாவது குழியில் ஒரு பள்ளம் வந்தது. முழங்கை ஆழம், கூடை அகலம். அதற்குள் ஒரே கல்லின் துண்டுகள் ஏழு. மேசைமேல் அடுக்கினேன். ஒரு திரிகையின் மேல்கல் முழுசாகக் கூடிவந்தது. சுற்றிலும் ஆறு துண்டு, நடு ஓட்டையோடு ஒரு துண்டு.

ஆபீசருக்குத் தலைகால் புரியவில்லை. "சடங்கு" என்றான். "செத்தவங்களுக்காக வேணும்னே உடைச்சு, குழி தோண்டிப் புதைச்சிருக்காங்க. இந்தப் பக்கத்துல இதுவரைக்கும் யாரும் சொல்லாத விஷயம்." கட்டுரை எழுதப் போவதாகச் சொன்னான். பெரிய ஆட்களிடம் காட்ட வேண்டும் என்று நடுத்துண்டை மெட்ராசுக்கு எடுத்துப் போனான். அதைச் செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டி ஜீப்பில் வைத்தது நான். பதிவேட்டில் அதை எழுதவில்லை. எழுத வேண்டாம், ரெண்டு நாளில் வந்துவிடும் என்றான்.

அது போவதற்கு முன்னால், துண்டுகள் ஏழும் மேசைமேல் இருந்த ஒரு மத்தியானம், அவர் வந்து நின்றார். ஆபீசர் ஊருக்குள் போயிருந்தான்.

"சாமிக்கு ஒடைச்சதுன்னு சொல்றாரே உங்க ஆபீசரு."

"செத்தவங்களுக்குன்னு சொல்றாருக்கா."

"கைய வெச்சிப் பார்த்தாரா?"

அவர் அரைக்கிற முகத்தைத் தடவினார். "நீ பாரு. பல்லு எவ்ளோ கூரா கீது. இத்தக் கொத்தி ரெண்டு நாளு கூட ஆவல. ஒரு படி கூட அரைக்கல இதுல. புதுசா கொத்தி வெச்ச கல்ல எவனாவது சாமிக்கு ஒடைப்பானா? தேஞ்ச கல்ல ஒடைப்பான்." பிறகு துண்டுகளைத் திருப்பி மேல்பக்கத்தைக் காட்டினார். ஓட்டையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக அடிபட்ட தழும்புகள். சில ஆழம், சில வழுக்கிப் போனவை. "கல்லு ஒடைக்கத் தெரிஞ்சவன்னா ரெண்டு அடி. இது எத்தினி அடி பாரு. பாதி அடி தப்பிப் பூட்டுது. எல்லாம் ஒரே பக்கத்துலேர்ந்து வுயுந்திருக்குது. ஒருத்தரே நின்ன எடத்துல நின்னுக்கினு போட்டு அடிச்சிகீறாங்க. பொம்பள."

"பொம்பளைன்னு எப்படிக்கா தெரியும்?"

அவர் துண்டைத் திருப்பி, பல் இருந்த முகத்தை மேலே வைத்தார். பிறகு நின்றபடியே சொன்னார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

மாகறல் பக்கம் செய்யாற்றங்கரையில் அவரைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நிலம் உள்ள குடும்பம். கூட்டுக் குடும்பம். அறுவடை நாளில் இருபது பேருக்குக் கூழ். அடுத்த தெருவில் மாவு மெஷின் வந்துவிட்டது. "கையி கீது, கல்லு கீது, மெஷினு எதுக்கு" என்று மாமனார் சொல்லிவிட்டார். வயிற்றில் ஏழு மாசம். முதல் பிள்ளை. முட்டியை மடக்கி உட்கார முடியாமல், ஒரு காலை நீட்டிக்கொண்டு சுற்றுவாராம். ஓரகத்திகள் கூட வந்து உட்காரக் கூடாது, அவர்களுக்கு வேறு வேலை.

"ஒரு நாளு சுத்திக்கினே இருக்கறப்ப வலி வந்துச்சி. ஆம்பளக் கொயந்த. அழவே இல்ல."

இருபது நாள் படுத்துக் கிடந்தார். எழுந்து தோட்டத்துப் பக்கம் போனபோது திரிகை திறந்து கிடந்தது. மேல்கல் தனியாக, கீழ்க்கல் தனியாக. இரண்டிலும் புதிதாகப் பல் கொத்தியிருந்தார்கள். கல்லைச் சுற்றிச் சிதறல்தூள் இன்னும் வெள்ளையாக இருந்ததாம்.

"நான் படுத்துனு கீறப்ப, ஆளக் கூப்புட்டு, கல்லுக் கொத்தி ரெடி பண்ணி வெச்சிகீறாங்க. நான் எயுந்து வந்தா சுத்தறதுக்கு." அவர் என்னைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த கல்லைப் பார்த்துச் சொன்னார். "கடப்பாறைய எடுத்தேன். எங்க அடிக்கணும்னு தெரியல. அடிச்சிக்கினே இருந்தேன். ரெண்டு கல்லும் போச்சி. மாமியாக்காரி ஓடியாந்து, ஊரு பாத்தா மானம் பூடும்னு துண்டெல்லாம் வாரி எருக்குழியில போட்டு மூடுனா. நான் கீழ்க்கல்லு பாதிய மட்டும் எடுத்துத் தலையில வெச்சிக்கினு, நடந்தே எங்க நைனா வூட்டுக்கு வந்துட்டேன்."

வாசலில் அவர் மிதித்துப் போகிற கல் எது என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழியில் யார் எதைப் போட்டார்கள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் சொன்னதும் தப்பாக இருக்கலாம். ஆனால் பல் மழுங்காத முகத்தையும் தப்பிப்போன அடிகளையும் அவர் பார்த்தார். எங்கள் ஆபீசர் பார்க்கவில்லை. அந்தத் தழும்புகளை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்து, 'அரைக்கும் முகம் புதிதாகக் கொத்தப்பட்டுள்ளது' என்று குறிப்பு எழுதினேன். அவன் அதையும் அடித்தான்.

இரண்டு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து வயதான ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். நல்ல மனிதர். துண்டுகளைத் தானே அடுக்கிப் பார்த்தார். "நடுத்துண்டு எங்கே?" என்று கேட்டார்.

அது மெட்ராசில் ஆபீசரின் வீட்டில் இருந்தது. அதுவரை திரும்பி வரவில்லை. கேட்டவுடன் அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு, "கழுவுற எடத்துல காணாமப் போயிருக்கு சார். கூலி ஆளுங்க. விசாரிச்சிட்டிருக்கேன்" என்றான்.

தொட்டியடியிலிருந்து அக்கா எழுந்தார். "காணாமப் போவல. நீதான் சார் கொண்டுக்கினு போன. ஜீப்புல வெச்சத நான் பாத்தேன்."

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் புரட்டினேன். அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே புரட்டினேன். என்னை நிரந்தரமாக்குகிற காகிதம் அப்போது ஆபீசரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. "இதுல எழுதலை சார்" என்றேன். அது பொய் இல்லை. அதனால்தான் அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்தேன்.

பெரியவர் கிளம்பிப் போன மறுநாள் காலை, ஆபீசர் மேஸ்திரியையும் முகாம் காவலாளிகள் இரண்டு பேரையும் அக்கா வீட்டுக்கு அனுப்பினான். கல்லை அடையாளம் காட்ட என்னையும் போகச் சொன்னான். போனேன். தெருவே கூடிவிட்டது. பானைகளை உருட்டினார்கள், பரணைக் கலைத்தார்கள். அவருடைய அப்பா ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியே வந்த மேஸ்திரியின் கால் வாசல் கல்லில் இடித்தது. குனிந்து பார்த்தார்.

"சார், இதுவா பாருங்க."

பாதி உடைந்த வட்டக்கல். ஈரமாக இருந்தது. அன்று காலையும் அக்கா அதில்தான் கால் கழுவியிருந்தார். சோப்பு வழுவழுப்பு. நடுக்குழியில், மேல்கல்லை மாட்டுகிற இரும்பு முளையின் துரு இன்னும் சிவப்பாக இருந்தது. குழியில் கிடைத்தது மேல்கல். இது கீழ்க்கல். எங்கேயும் பொருந்தாது. இது யாருடைய கல், எப்படி உடைந்தது என்று அந்தத் தெருவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"சொல்லு சார்" என்றார் என்னிடம். குரலை உயர்த்தவில்லை. "இது எதுன்னு உனுக்குத் தெரியும். சொல்லு."

நான், "ஆபீசர் பார்க்கட்டும்க்கா" என்றேன்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை கோழைத்தனமாகப் பேசியிருப்பேன். அந்த இரண்டு சொல்லுக்கு ஈடாக எதுவும் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. மேஸ்திரி கல்லைத் தூக்கித் தோளில் வைத்தபோது தடுக்கவும் இல்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தத் தெரு முனை திரும்பும்வரை என் முதுகு எரிந்தது.

ஆபீசர் ஒரு தடவை பார்த்தான். அவனுக்கும் தெரிந்திருக்கும். "மீட்கப்பட்டதுன்னு எழுது. இன்னொரு கல். அந்தத் துருவ நல்லா கழுவிட்டு வரை" என்றான். கழுவினேன். வரைந்தேன். எண் போட்டேன். படத்தின் ஓரத்தில் வழக்கம்போல என் கையெழுத்தைப் போட்டேன். அவர் பேரை வேலைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். போலீசுக்குப் போகவில்லை, பெருந்தன்மையாம். போயிருந்தால் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள். அதற்கப்புறம் அந்த ஊரில் அவரைக் களையெடுக்கக்கூட யாரும் கூப்பிடவில்லை. நான் நிரந்தரமானேன்.

மூன்று வருஷத்தில் அந்த வேலையை விட்டேன். மனசாட்சி என்றெல்லாம் சொல்ல மாட்டேன், பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைகிற வேலையில் சம்பளம் அதிகம்.

எண்பதுகளின் நடுவில் மெட்ராசில் பழம்பொருள் கண்காட்சி ஒன்று நடந்தது. போனேன். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டின்மேல் அந்தப் பாதிக்கல் இருந்தது. பக்கத்தில் குழியில் கிடைத்த ஏழு துண்டுகள், காணாமல் போனதாகச் சொன்ன நடுத்துண்டோடு சேர்த்து. பின்னால் நான் வரைந்த படம். 'ஈமச்சடங்கின்போது உடைக்கப்பட்ட திரிகைகள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பழமையானவை' என்று அட்டையில் அச்சிட்டு வைத்திருந்தார்கள். ஒரு அப்பா தன் மகளுக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து பழைய அலுவலகத்துக்கு நீளமாகக் கடிதம் எழுதினேன். ஒரு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. பதிவேட்டிலும் வரைபடத்திலும் உள்ளபடியே விவரம் தரப்பட்டிருக்கிறது, வரைபடத்தில் கையொப்பம் உள்ளது. என்னுடைய கையொப்பம்.

உத்திரமேரூருக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து விசாரித்துப் போனதில், ஒரு அரிசி மில்லின் களத்தில் அவர் நெல் துழாவிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. காலால் நெல்லைத் தள்ளுவதை நிறுத்தவில்லை. கூடவே நடந்துகொண்டு கண்காட்சி, கல், அட்டை, கடிதம் எல்லாவற்றையும் சொன்னேன்.

களத்தின் கோடியில் நின்றார். "இன்னான்னு எழுதிகீறாங்க? இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன்.

"எவனோ பொணத்துக்கு ஒடைச்சானாமா?" முகம் சிவந்துவிட்டது. "அடிச்சது நானு. என் கையி ரெண்டும் கிய்ஞ்சிப் போச்சி அன்னிக்கி. அத்தயும் எடுத்துக்கினீங்களா?"

"மறுபடியும் எழுதறேன்க்கா. பெரிய ஆளுங்களுக்கு எழுதறேன். உங்க கல்லத் திருப்பி வாங்கித் தரேன்."

"கல்லு எனுக்கு இன்னாத்துக்கு? மிதிச்சி மிதிச்சி சலிச்சிப் போச்சி. அதுல இன்னா எழுதணுமோ அத்த நீ எழுதிக்கோ. எங்க நைனா திருடியோட அப்பன்னு பேரு வாங்கிக்கினு செத்தாரு. அத்த எந்தக் கண்ணாடிப் பொட்டியில எழுதுவ?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"குனியாத. நீ காயிதத்துல எழுதறது எங்க தெருவுல ஒருத்தனுக்கும் தெரியாது. வா. அங்க நின்னு வாயத் தொறக்காம இருந்த இல்ல, அதே எடத்துல நின்னு சொல்லு."

மேற்பார்வையாளரிடம் அரைநாள் சொல்லிவிட்டு வந்தார். காலில் உமித்தூசியோடு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். வழி முழுக்கத் திரும்பிப் பார்க்கவில்லை.

தெரு மாறியிருந்தது. அவர் வீட்டில் இப்போது தம்பி குடும்பம். எதிரே புதிதாக ஒரு டீக்கடை. பழைய மேஸ்திரி அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் குழாயில் நாலைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அக்கா தன் வாசலில், கல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார். தான் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

மெல்ல ஆரம்பித்தேன். அன்று இங்கிருந்து எடுத்த கல் இவருடையது, காணாமல் போன துண்டை ஆபீசர்தான் கொண்டுபோனார், கட்டிக் கொடுத்தது நான், தெரிந்தும் சொல்லவில்லை.

மேஸ்திரி டீ கிளாசைக் கீழே வைத்தார். "அது எப்பவோ முடிஞ்சி போனது சார். இப்ப எதுக்கு இந்தப் பேஜாரு?"

"உனுக்கு முடிஞ்சிது" என்றார் அவர், திரும்பாமல்.

குழாயடியிலிருந்து ஒரு பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "இன்னா சொல்றாரு இவரு? ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். "அவங்களுக்குக் கேக்கலையாம். சத்தமா சொல்லு."

நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.